கோட்டையில் கல்யாணம்: செம்பூரிலிருந்து ஸ்காட்லாந்து போன கதையின் முழு விவரம்

அண்ணன் மகள் கல்யாணம் ஸ்காட்லாந்தில் ஒரு பழைய கோட்டையில் நடந்தது என்றதும் மும்பையில் நம்ம ஆட்கள் கேட்பது இரண்டே கேள்வி. எவ்வளவு ஆச்சு? சாப்பாடு எப்படி? இரண்டுக்கும் பதில் போகப் போக வரும். ஆனால் அந்தக் கல்யாணத்தை நடத்தியவை யாரும் கேட்காத சங்கதிகள்: விசா அலுவலகம் யாரை விட்டது, கோட்டை எத்தனை மணிக்குக் கதவைக் கொடுத்தது, அக்கினியை எங்கே வைக்க விட்டார்கள், எண்பது வயதான அம்மாவால் எத்தனை படி ஏற முடிந்தது. கல்யாண வீட்டார் போட்டோவைப் பார்த்து இடத்தைப் பிடிக்கிறார்கள். போகிறவர்களுக்கு இந்த நான்கும் சரியாக வந்தால்தான் கல்யாணமே. அடுத்து நம் வட்டத்தில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் இதே பேச்சு ஓடுவதால் நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆட்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், இரண்டு தலைமுறையாக மும்பை. அண்ணன் முலுண்டில், நான் செம்பூரில், தங்கை டோம்பிவிலியில். பெண் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறாள், மாப்பிள்ளை லண்டனில் ஹாரோ பக்கம் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பையன். அண்ணனுக்கு மாட்டுங்காவில் மண்டபம் பிடித்து ஊரைக் கூட்ட வேண்டும் என்று ஆசை. மாப்பிள்ளை வீட்டில் லண்டனிலேயே பெரிய ஹாலில் நானூறு ஐந்நூறு பேர் என்று கணக்கு. பிள்ளைகள் இரண்டும் நூறு பேருக்கு மேல் வேண்டாம் என்றன. இப்படி இழுபறி நடந்துகொண்டிருந்தபோதுதான் பெர்த்ஷயர் பக்கம் ஒரு கோட்டை பேச்சில் வந்தது. அதன் பெயரை எழுதவில்லை, ஒரு குடும்பம் இன்னும் அதில் ஒரு பக்கத்தில் குடியிருக்கிறது.

கோட்டை ஜெயித்ததற்குக் காரணம் அழகு இல்லை. தீயணைப்பு விதிப்படி உள்ளே இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று அவர்கள் எழுத்தில் கொடுத்த கடிதம்தான் காரணம். நம் குடும்பங்களில் அழைப்புப் பட்டியலில் ஒரு பெயரை அடிக்க யாருக்கும் தைரியம் கிடையாது, அடித்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு. "இடம் அவ்வளவுதான், வெள்ளைக்காரன் சட்டம்" என்று சொன்னால் பெரிய அத்தை கூட வாயை மூடிக்கொள்கிறாள். இரண்டு சம்பந்திகளும் அந்தக் கடிதத்தைத்தான் கேடயமாகப் பிடித்தார்கள் என்பது என் கணிப்பு. கேட்டால் இரண்டு பேரும் மறுப்பார்கள்.

விசா: யார் போனார்கள், யார் போகவில்லை

கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு பிரிட்டனில் தனியாக விசா எதுவும் இல்லை, சாதாரண விசிட்டர் விசாதான். ஆறு மாதம் வரை தங்கலாம், பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பே மனு போட முடியாது, முடிவுக்குச் சுமாராக மூன்று வாரம். 2025 ஏப்ரலில் இதன் கட்டணம் 127 பவுண்ட் ஆனது. குடும்பத்துக்கு மொத்தமாக ஒன்று என்று கிடையாது, கைக்குழந்தை உட்பட ஆளுக்கு ஒரு மனு, ஆளுக்கு ஒரு கட்டணம். கல்யாணமே செய்துகொள்ளப் போகிறவர் வெளிநாட்டிலிருந்து வந்தால் அவருக்கு மட்டும் மேரேஜ் விசிட்டர் என்று வேறு விசா உண்டு. எங்கள் ஜோடி அங்கேயே இருப்பவர்கள் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

மூன்று மாதம் என்ற அந்த வரம்பு எவ்வளவு இடிக்கும் என்பது ஜூன் கல்யாணத்தில்தான் தெரியும். டிக்கெட்டை ஜனவரியிலேயே போட்டால் விலை குறைவு, ஆனால் விசா மனுவே மார்ச் கடைசியில்தான். அப்போது இந்தியா முழுக்கக் கோடை விடுமுறைக் கூட்டம் விசா மையத்தில் நிற்கிறது. பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட் விலை கூடுதல், கிடைக்காத டிக்கெட்டில் விசா வரவில்லை என்றால் பணம் போச்சு. பெரியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் திரும்பக் கிடைக்கும் டிக்கெட், நிலையான சம்பளக்காரர்களுக்கு மலிவு டிக்கெட் என்று பிரித்துப் போட்டோம். இது நன்றாகவே வேலை செய்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கணக்கு தப்பியது, அதுவும் நாங்கள் பயந்த இடத்தில் இல்லை.

எல்லோரும் பயந்தது அம்மாவுக்காக. பிள்ளைகளுக்கு அவள் ஆச்சி. பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர், குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. நம்ம பக்கம் அந்த வயதுக்காரர்களுக்கு இது சகஜம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருக்கிற விசிட்டர்களை உள்ளே விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்ததிலிருந்து துபாயில் இறங்கி ஒரு நாள் சுற்றிவிட்டுப் போகும் யோசனையை விட்டோம். மும்பையிலிருந்து நேராக லண்டன், அங்கே கிங்ஸ் கிராஸிலிருந்து இன்வர்னஸ் போகும் பகல் ரயில், அது ஸ்டிர்லிங், பெர்த் வழியாகத்தான் போகிறது. அம்மாவின் மனுவில் வங்கிக் கணக்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை. செலவு யார் பார்க்கிறார்கள் என்று அண்ணன் கடிதம், பேத்தியின் அழைப்புக் கடிதம், உறவைக் காட்டும் சான்றுகள், ஊரில் இருக்கிற வீட்டுப் பத்திரத்தின் நகல். விசா சுலபமாக வந்துவிட்டது.

வராதது தங்கை மகனுக்கு. எனக்கு மருமகன் முறை. பொறியியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பையன், கல்யாணம் ஆகவில்லை, சொந்தப் பெயரில் சொத்து இல்லை, இதற்கு முன் வெளிநாட்டுப் பயணமும் இல்லை. அவன் அப்பாவின் கணக்கில் பணம் இருந்தது, அவர் ஸ்பான்சர் கடிதமும் கொடுத்தார். மறுப்புக் கடிதத்தின் சாரம் இதுதான்: பயணம் முடிந்ததும் நீ கிளம்பிவிடுவாய் என்று எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அப்பாவின் பணம் செலவுக்குத்தான் பதில் சொல்லும். பையன் ஏன் திரும்பி வருவான் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை, இரண்டும் வேறு வேறு கேள்விகள். இந்த வகை மறுப்புக்குப் பொதுவாக அப்பீல் கிடையாது, புதிதாகக் கட்டணம் கட்டிப் புதிதாக மனு போட வேண்டும். அதற்கு நாள் இல்லை.

ஏஜென்ட் ஒருவர், பெயர் வேண்டாம், "கல்யாணத்துக்குத்தானே போறீங்க சார், கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பான்" என்று சொல்லி மருமகனின் மனுவையும் மற்றவர்களுடையதைப் போலவே கட்டிக் கொடுத்திருந்தார். உண்மையில் வேலை இல்லாத, கல்யாணமாகாத, இருபதுகளில் இருக்கிற பிள்ளைகளின் மனுதான் வீட்டிலேயே பலவீனமான மனு. அவர்களுக்குத்தான் முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்: மேல்படிப்பு அனுமதிக் கடிதம், வேலை உத்தரவு, நடந்துகொண்டிருக்கும் பயிற்சி, திரும்பி வந்தே ஆக வேண்டிய தேர்வு, எதுவாக இருந்தாலும். நாம் தலைகீழாக ஆச்சியையே கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை சாயந்தரம் தாலி

கோட்டை கோடையில் பகல் முழுக்கப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். ஐந்து மணிக்குக் கடைசிப் பார்வையாளர் வெளியே போனபிறகுதான் முற்றமும் ஹாலும் நமக்கு. நம் பக்கம் காலை ஒன்பதுக்குள் தாலி கட்டிப் பழகியவர்கள், மாலை ஐந்துக்குமேல் முகூர்த்தம் என்றதும் அண்ணன் முகமே மாறிவிட்டது. அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அங்கே எத்தனை மணிக்குடா இருட்டும்? ஜூன் கடைசியில் பெர்த்ஷயரில் சூரியன் மறைய இரவு பத்து மணி தாண்டுகிறது. "அப்போ ஏழு மணின்னாலும் வெயில் காலம்தானே, கட்டட்டும்" என்றாள். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தோம்.

இல்லை, அங்கேதான் தொடங்கியது. நாள்காட்டிக் கணக்குப்படி வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று. ஒருவர் அதில் நாலரை மணி நேரத்தைக் கழித்து அங்கே காலை ஒன்பது முதல் பத்தரை என்றார். இன்னொருவர் அங்கேயும் அதே ஒன்றரை முதல் மூன்றுதான் என்றார். இரண்டுமே தப்பு. ராகு காலம் என்பது அந்த ஊரில் சூரியன் உதித்து மறையும் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கு. ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைகிற பகலில் ஒரு பங்கு ஒன்றரை மணி, நாள்காட்டியில் இருப்பது அதுதான். ஸ்காட்லாந்தில் ஜூனில் பகல் பதினேழரை மணி நேரத்துக்கு மேல், அதனால் ஒரு பங்கே இரண்டு மணி பத்து நிமிடத்தைத் தாண்டும். வியாழனுக்கு ஆறாவது பங்கு. நாலரை மணி வாக்கில் உதிக்கும் சூரியனிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஏறக்குறைய மாலை 3:30 முதல் 5:40 வரை. கோட்டையில் கல்யாண வேலையைப் பார்த்துக்கொண்ட பெண்மணி எங்களுக்குப் போட்டுக் கொடுத்திருந்த நேரம் ஐந்தரை!

திதியும் நட்சத்திரமும் வேறு கதை. அவை சந்திரனும் சூரியனும் நிற்கிற நிலையைப் பொறுத்தவை, உலகம் முழுக்க ஒரே கணத்தில் முடியும், அங்கே நாலரை மணியைக் கழித்தால் சரி. லக்கினமோ உள்ளூர் அடிவானத்தைப் பொறுத்தது. வடக்கே போகப் போகச் சில ராசிகள் விறுவிறுவென்று உதிக்கும், சில சாவகாசமாக. ஆக ஒரே பஞ்சாங்கத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும், ஒன்றை அந்த ஊருக்கே புதிதாகப் போட வேண்டும். திருநெல்வேலி ஜோசியரிடம் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். ஆறே முக்காலுக்குத் தாலி என்று குறித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், எங்களுக்குத் திருக்கணிதம், அதில் ஒரு சுற்றுச் சண்டை நடந்தது, விட்டுவிடுகிறேன்.

சட்டப்படியான கல்யாணம் இதில் எதிலும் சேராது. ஸ்காட்லாந்தில் 1977ஆம் வருடத்து மண சட்டப்படி இருவரும் எம்-10 என்ற படிவத்தைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும், கல்யாணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன் கூடாது, 29 நாளுக்குக் குறையவும் கூடாது. இங்கிலாந்தை விட ஸ்காட்லாந்தில் ஒரு வசதி, மதச் சடங்கை எந்த இடத்தில் நடத்தினாலும் சட்டம் ஏற்கும், நடத்தி வைக்கிறவருக்கு அங்கீகாரம் இருந்தால் போதும். இங்கிலாந்தில் ஒரு கோட்டைக்குள் இந்து முறைப்படி தாலி கட்டினால் அதற்கு மட்டும் சட்டத்தில் மதிப்பில்லை, பதிவைத் தனியாகச் செய்ய வேண்டும். எங்கள் குருக்கள் லண்டன்காரர். அவருக்கு ஸ்காட்லாந்தில் தற்காலிக அங்கீகாரம் வாங்கவும் வழி இருந்தது, ஆனால் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கப் பிள்ளைகள் தயாராக இல்லை. புதன்கிழமை காலையே பதிவாளர் முன்னால், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்கள். அரசாங்கக் காகிதத்தில் கல்யாண நாள் புதன், குடும்பத்துக்கு வியாழன். முதல் வருடக் கல்யாண நாளை எந்தக் கிழமைக்குக் கொண்டாடுவது என்று இப்போதே பந்தயம் ஓடுகிறது.

அக்கினியும் கற்பூரமும்

கோட்டை உள்ளே திறந்த தீ கூடாது. மெழுகுவத்தி கூடாது, குத்துவிளக்குத் திரி கூடாது, ஹோமத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இது இனவெறி என்று எங்கள் ஆள் ஒருவர் கொதித்தார், அர்த்தமில்லாத கொதிப்பு. 1992 நவம்பர் 20 அன்று விண்ட்சர் கோட்டையில் பற்றிய தீ, பிரார்த்தனை அறையில் ஒரு விளக்கின் சூட்டில் திரைச்சீலை பிடித்ததில் தொடங்கியது. 115 அறைகள் பாழ், சீரமைக்க ஐந்து வருடம், 3 கோடியே 65 லட்சம் பவுண்ட். ராணி வீட்டிலேயே அப்படி. மர உத்திரமும் பழைய திரைச்சீலையும் உள்ள ஒரு கட்டடத்தின் சொந்தக்காரர் நெய் ஊற்றி வளர்க்கிற தீயைப் பார்த்துப் பயப்படாமல் இருந்தால்தான் நாம் பயப்பட வேண்டும்.

முடிவில் கல் பாவிய முற்றத்தில் இரும்புக் குண்டம், அடியில் மணல் தட்டு, பக்கத்தில் இரண்டு தீயணைப்பான், கோட்டை ஆள் ஒருவர் நின்றுகொண்டே இருப்பார் என்று ஒப்பந்தம். ஹாலுக்குள் குத்துவிளக்கில் பேட்டரித் திரி. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எண்ணெய் விடுறதா, சார்ஜ் போடுறதா?" என்று கேட்டாள்.

சாமான்கள் விஷயத்தில் மும்பையிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டும். கற்பூரம் எரியும் பொருள், விமானத்தில் எந்தப் பையிலும் வைக்கக் கூடாது. கொப்பரைத் தேங்காயை செக்-இன் பெட்டியில் வைக்க 2022இல் தடை போட்டார்கள். இந்தியாவிலிருந்து பால் பொருட்களை பிரிட்டனுக்குள் கொண்டுபோக முடியாது, நெய்யும் அதில் அடக்கம், மதினி ஆசையாகச் செய்து வைத்த பால்கோவாவும் அடக்கம். மல்லிகைச் சரம், மாவிலை இதெல்லாம் தாவரச் சுகாதாரச் சான்று கேட்கும். மாட்டுங்கா பூக்கடைச் சந்தில் கட்டி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாம் என்கிற திட்டத்தை மறந்துவிடுங்கள். வெம்பிளி, ஹாரோ பக்கம் எல்லாமே கிடைக்கிறது. மணவறை, அம்மிக்கல், பித்தளைப் பாத்திரம் வரை வாடகைக்குக் கொடுக்கிறார்கள், ஈழத் தமிழர்கள் நாற்பது வருடமாக அங்கே கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார்கள் அல்லவா. நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டியது பட்டும் நகையும்தான். நகைக்கு மும்பை விமான நிலையத்தில் கிளம்பும்போதே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும், இல்லையென்றால் திரும்பி வரும்போது "இது அங்கே வாங்கியதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. மதிப்பீட்டாளர் சான்றும் போட்டோவும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

அருந்ததி பார்க்கிற நேரத்தில் வானம் வெள்ளையாக இருந்தது, ஊரிலும் பட்டப்பகலில்தான் காட்டுவோம், அதனால் யாருக்கும் குறை இல்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த அட்சரேகையில் அருந்ததி இருக்கிற சப்தரிஷி மண்டலம் அடிவானத்துக்குக் கீழே போவதே இல்லை, வருடம் முழுக்க, இருபத்து நாலு மணி நேரமும் மேலேதான் சுற்றுகிறது. குருக்கள் வடக்கே கைகாட்டியபோது அருந்ததி நிஜமாகவே மேலே இருந்தாள்.

படிக்கட்டு

ஸ்காட்லாந்தின் பழைய கோபுர வீடுகளில் தரைத்தளம் வளைவுக்கூரை போட்ட சேமிப்பு அறைகள், முதல் மாடியில்தான் பெரிய ஹால். ஏற ஒரே வழி சுருள் படிக்கட்டு, ஒரு ஆள் அகலம், ஒவ்வொரு படியும் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஏ பிரிவுப் பாரம்பரியக் கட்டடம் என்பதால் லிஃப்ட் வைப்பது லேசில் நடக்காது. மூட்டு வலியோடு அம்மாவால் ஏற முடியாது, நாற்காலியில் தூக்கிக்கொண்டு போகவும் அந்த வளைவில் வழி இல்லை.

தீ விதி இங்கே எங்களைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். ஹோமம் முற்றத்துக்கு வந்ததால் தாலி, அம்மி, ஆசீர்வாதம் எல்லாமே தரையில் நடந்தன, சக்கர நாற்காலியை மணவறைக்குப் பக்கத்திலேயே நிறுத்த முடிந்தது. விருந்துதான் மாடியில். அம்மாவுக்கும் மாப்பிள்ளையின் பாட்டிக்கும் கீழே பழைய சமையல் கூடத்தில், ஆள் உயர அடுப்பங்கரை இருந்த அறையில், தனியாக மேஜை போட்டார்கள். இரண்டு கிழவிகளும் திருநெல்வேலித் தமிழிலும் யாழ்ப்பாணத் தமிழிலும் பேசித் தீர்த்தார்கள். ஒவ்வொருவராகப் பார்க்கப் போன பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டதில் மேலே ஹால் பாதி காலி. அண்ணன் அந்த ஹாலுக்குக் கொடுத்த வாடகையை நினைத்துக்கொண்டு மேலும் கீழும் ஏறி இறங்கினார், பாவம்.

மாப்பிள்ளை ஆசைப்பட்டு உள்ளூர் பேக்பைப் கலைஞர் ஒருவரையும் அழைத்திருந்தார், லண்டனிலிருந்து நாதஸ்வரமும் தவிலும். இருவரையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னபோது இது கேலிக்கூத்தாகும் என்று பயந்தேன். பேக்பைப்பில் ஒன்பதே ஸ்வரங்கள், சுருதியை வாசிப்பவர் நினைத்தபடி மாற்ற முடியாது. நாதஸ்வரக்காரர் உதட்டழுத்தத்தில் இறங்கி ஏறித் தன்னைப் பொருத்திக்கொண்டார். அந்தக் கருவியின் ஸ்வர வரிசை கிட்டத்தட்ட நம் ஹரிகாம்போதி, அடியில் விடாமல் ஒலிக்கும் குழாய்கள் ஒத்து ஊதுகிற வேலையைப் பார்க்கின்றன. அவர் காம்போதியில் ஒரு சின்ன ஆலாபனை செய்தார், அவ்வளவுதான், பேக்பைப்காரர் கண்ணை மூடிக்கொண்டு சுருதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாண ஏற்பாட்டில் யாரும் யோசித்துச் செய்யாமல் நன்றாக வந்தது இது ஒன்றுதான்.

சாப்பாடு: முதலில் பேசிய கேட்டரிங்காரருக்கு சைவம் என்றால் காளான் சோறு. அவரை மாற்றி லண்டன் தமிழர்களை வரவழைத்தோம், கோட்டையின் ஒப்புதல் பட்டியலில் சேர்க்க அவர்களின் காப்பீடு, சுகாதாரச் சான்று எல்லாம் முன்பே கேட்டார்கள். சாம்பாரும் சொதியும் சேர்ந்தே பரிமாறினார்கள். நன்றாக இருந்தது.

செலவு

தங்கும் செலவு இரண்டு இரவுக்குப் பெண் வீட்டார், டிக்கெட்டும் விசாவும் அவரவர். இந்தப் பங்கீட்டை அழைக்கும்போதே அண்ணன் வாயால் சொல்லிவிட்டார், அது ரொம்ப நல்லது. சொல்லாமல் விட்ட வீடுகளில் நடந்த மனத்தாங்கல் எனக்குத் தெரியும். கோடையில் டிக்கெட், விசா, ரயில், கூடுதல் நாட்கள் என்று ஆளுக்கு ஒன்றே முக்கால் லட்சம் வரை ஆனது. நால்வர் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை, "முடியாது" என்று சொன்ன சொந்தங்களை யாரும் வற்புறுத்தவில்லை.

வரி விஷயம் ஒன்று. டூர் கம்பெனியிடம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று விற்பவரே முன்கூட்டி ஒரு வரி பிடிப்பார், நாங்கள் போன 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20. வருமான வரிக் கணக்குக் காட்டும்போது கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். டிக்கெட்டை மட்டும் தனியாக, அறையை மட்டும் தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் கணக்கில் வராது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கோட்டைக் கல்யாணம் என்றாலே மும்பையில் இன்னமும் பேசுவது 2004இல் எஃகு அதிபர் மித்தல் வீட்டுக் கல்யாணம், பாரிஸ் பக்கம் வோ-லெ-விகோம்த் மாளிகையில் நடந்தது. அந்த மாளிகையைக் கட்டியவர் பிரெஞ்சு நிதி அமைச்சர் ஃபூக்கே. 1661 ஆகஸ்டில் அங்கே பதினான்காம் லூயிக்கு ஒரு விருந்து வைத்தார், செப்டம்பரில் கைதானார். டிசிஎஸ் எவ்வளவோ தேவலை.

கல்யாணத்துக்கு மறுநாள் ஸ்டிர்லிங் கோட்டைக்குப் போனோம். ஸ்காட்லாந்து ராஜா நான்காம் ஜேம்ஸ் கட்டிய பெரிய ஹால், ராணுவம் 1964 வரை அந்தக் கோட்டையில் இருந்தது, ஹாலையே தடுப்புப் போட்டுப் படைவீரர் தங்கும் அறைகளாக்கியிருந்தார்கள். அதையெல்லாம் எடுத்துச் சீரமைத்து மஞ்சள் சுண்ணாம்பு பூசி 1999இல் திறந்தார்கள், வெகு தூரத்திலிருந்தே தெரிகிறது. ஆறாம் ஜேம்ஸ் 1594இல் மகனின் ஞானஸ்நானத்துக்கு இங்கே வைத்த விருந்தில் மீன் வகைகளைப் பரிமாற 18 அடி நீளக் கப்பல் ஒன்றையே ஹாலுக்குள் கொண்டுவந்தார்கள். அதே ராஜாவின் கல்யாணம் 1589இல் டென்மார்க்கின் க்ரோன்போர்க் கோட்டையில் நடந்தபோது மாப்பிள்ளை அங்கே இல்லை, அவருக்குப் பதில் ஒரு பிரதிநிதி நின்றார். மணப்பெண்ணின் கப்பல் புயலில் திரும்பிப் போக, கடைசியில் அவரே கடல் தாண்டி ஓஸ்லோ போய் மறுபடி மணந்தார். டோம்பிவிலியில் உட்கார்ந்து வீடியோவில் தாலி கட்டுவதைப் பார்த்த மருமகனுக்கு இதை எழுதி அனுப்பினேன். "மாமா, ராஜாவுக்கு விசா ஃபீஸ் திரும்பக் கிடைச்சுதா?" என்று பதில் வந்தது.

அவனுக்கு இப்போது புனேயில் வேலை, பெண்ணும் பார்த்தாகிவிட்டது, இத்தாலியில் ஏதோ ஒரு கோட்டையின் படங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறான். ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, ஆறு மாதத்துக்கு முன்பே மனு போடலாம், அந்த வகையில் பிரிட்டனை விடச் சௌகரியம். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்ததாகவும் ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகக் கூடியதாகவும் இருக்க வேண்டும். ஆச்சியின் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்துச் சொல், அதற்கப்புறம் கோட்டையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.